வானலை எவர் உடைமை?

காற்று எல்லார்க்கும் உரியது. கதிரொளி எல்லார்க்கும் உரியது. வெளியெங்கும் பரவும் வானலை மட்டும் ஒருசிலர்க்கே உரியதாவது எங்ஙனம்? அவ்வலையில் தம் சொல்லை ஏற்றியனுப்ப விழையும் எளிய மக்களைப் பார்த்து, "இஃது உங்களால் ஆகாது; பெருங்குழுமங்களே செய்யத்தக்க பெருவினை" என்று அச்சுறுத்துவோர் பலர். அக்கூற்று முழுப்பொய் என்று மெக்சிக்கோ நாட்டு மலையூர் ஒன்று மெய்ப்பித்துவிட்டது.

உவகாக்கா மாநிலத்து வடமலைத் தொடரில் உள்ளது தலேயா தெ காசுத்திரோ. சபோத்தெக்குத் தொல்குடியினர் வாழும் ஊர். கைப்பேசி இணைப்புக் கேட்ட அவர்களிடம், "மக்கள்தொகை போதாது" என்று குழுமங்கள் கைவிரித்தன. அம்மக்கள் மண்டியிடவில்லை. இரைசோமாத்திக்கா என்னும் தொண்டமைப்பின் துணையோடு, 2013-இல் தம் ஊர்க்குத் தாமே கைப்பேசி வலையமைப்பை நிறுவினர். அந்நாளில் திங்கட் கட்டணம் 15 பெசோவாக இருந்தது! இதற்குத் தோள்கொடுத்த அவ்வூர் வானொலியின் பெயர் 'திசா கியெரு'. அவர்தம் தாய்மொழியில் 'எங்கள் சொல்' என்பது அதன் பொருள். இதனினும் பொருத்தமான பெயர் வேறுண்டோ?

இஃது எவ்வாறு இயன்றது? முன்னாளில் வானலைக் கருவியின் ஒவ்வொரு வினையும் தனித்தனி மின்சுற்றாக இறுகிக் கிடந்தது. செய்தவனன்றிப் பிறர் மாற்றவொண்ணாது. மென்பொருள்வழி இயங்கும் வானலைக்கருவியோ அப்பூட்டை உடைத்தெறிந்தது. வந்து சேரும் அலையை அது நொடிக்குப் பத்திலக்கம் முறைக்கு மேலும் அளந்து, எண்களாக்கிக் கணிப்பொறிக்கு ஊட்டுகின்றது. வேண்டாதவற்றை வடிப்பதும், செய்தியைப் பிரிப்பதும், பிழை திருத்துவதும் மென்பொருளின் வேலை. மென்பொருளை மாற்றுக, கருவியே மாறிவிடும்! அம்மென்பொருளும், ஓப்பன்பிடிஎசு போல, எவரும் எடுத்தாளத் திறந்து கிடக்கின்றது.

தலேயாவில் அமைந்தது பேச்சும் குறுஞ்செய்தியும் செல்லும் இரண்டாம் தலைமுறை வலையே. அகலக்கற்றைக்கும் அதே வழி உண்டு. பிரான்சின் யூரிகாம் ஆய்வுக்கூடத்தில் பிறந்த ஓப்பன்ஏர்இண்டர்பேசு, அயர்லாந்தில் உருவான எசுஆர்எசுரான் ஆகியன நான்காம், ஐந்தாம் தலைமுறைத் தளநிலையங்களை ஒரு கணிப்பொறியும் ஒரு வானலைப் பலகையும் கொண்டே இயக்கிக் காட்டுகின்றன.

அவ்வாறாயின் தடை எங்கே? கருவியில் இல்லை, அலைவரிசையைக் கூறுபோட்டு விலைகூறும் சட்டத்தில் உள்ளது. "கண்டவர் கையில் கொடுத்தால் அலைகள் மோதிக் குழப்பம் விளையும்" என்பர். மோதல் மெய்யே. அதற்கு மருந்து முறைப்படுத்துவதேயன்றிப் பறிப்பதன்று! 2016-இல் மெக்சிக்கோவின் தொலைத்தொடர்பு ஆணையமே தொல்குடியினரின் கூட்டமைப்புக்கு ஐந்து மாநிலங்களில் 15 ஆண்டு உரிமம் வழங்கிற்று. வானம் இடிந்து விழுந்ததா? பின்னர், வருவாய் நோக்காத அவ்வமைப்பின்மேல் அலைக்கற்றைக் கட்டணத்தைச் சுமத்தினர். அவர்கள் அஞ்சாது வழக்காடி, 2021-இல் உச்ச முறைமன்றத்தில் வென்றனர்.

உரிமையைக் கேட்டுப் பெறுதல் பாதிவினையே; கருவியை ஆளக் கற்றலே மறுபாதி. கல்லாதான் கையில் உரிமம் வெறுந்தாள். உரிமமிலான் கையில் கருவி வெறும்பெட்டி. தலேயா மக்கள் இரண்டையும் கைக்கொண்டனர். ஆதலின், இளைஞரே, பூட்டிய பெட்டியை விலைக்கு வாங்கிப் பெருமை கொள்ளாதீர். அதன் உள்ளே இயங்குவதைக் கற்று ஆளுங்கள். தன் சொல்லைத் தானே ஏற்றியனுப்ப வல்ல மக்களினத்தின் வாயை எவராலும் அடைத்தல் இயலாது!