மீசையும் சிரிப்பும்



பேரன் வீடியோ கேம் விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். 1981-இல் வந்த மரியோவுக்கு மீசை வைத்ததே, சின்னக் கட்டங்களுக்குள் வாயைத் தனியே வரைய இடமில்லாமல்தான். ஆனாலும் அவனிடம் உயிர் இருக்கிறது. மீதியை நம் மனம் வரைந்துகொள்கிறது. இன்றைய விளையாட்டுகளில் தோலின் சுருக்கம்கூடத் தெரிகிறது. கண்ணுக்குள் மட்டும் ஆள் இல்லை. ஏறக்குறைய மனிதனைப் போலவே இருந்து, முழுதும் ஆகாத உருவம்தான் மனதை உறுத்தும் என்று ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசஹிரோ மோரி 1970-லேயே எழுதினார்.

போன வாரம் குடும்பக் குழுவில், மறைந்த என் அப்பாவின் படத்தைக் கணினியால் சிரிக்கவைத்து அனுப்பியிருந்தீர்கள். அன்பினால் செய்தது, கோபமில்லை. ஆனால் அப்பா பல் தெரியச் சிரித்ததே இல்லை. அந்த மங்கிய படமே போதும், பிள்ளைகளே. அதில் அவரை நானே சிரிக்கவைத்துக்கொள்வேன்.