கேட்டுவிட்டு அழியுங்கள்

கணினியில் ஒரு கோப்பைத் திறந்து எழுதும்போது வன்தட்டில் இருக்கும் கோப்பிலேயே எழுதுவதாகத்தான் பலரும் நினைக்கிறோம். உண்மை அதுவல்ல. உரைத் தொகுப்பி அந்தக் கோப்பின் பிரதியொன்றை நினைவகத்துக்கு எடுக்கிறது. சேமிக்கும் வரை நாம் எழுதுவதெல்லாம் அந்தப் பிரதியில்தான். இதற்கிடையில் வேறொரு மென்பொருள் வன்தட்டிலுள்ள கோப்பை மாற்றிவிட்டால், ஒரே பெயரில் இரண்டு பிரதிகள் உருவாகிவிடும். எதை வைத்திருப்பது?

இது நிரல் எழுதுவோருக்கு மட்டுமான பிரச்சினை அல்ல. இணையச் சேமிப்பகத்துடன் இணைந்த கோப்புறையொன்றை இரண்டு தோழிகள் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருத்தி தன் வீட்டில் சேமித்ததும், மற்றவளின் கணினியிலுள்ள கோப்பும் தானாகவே மாறிவிடுகிறது. அவளோ பழைய பிரதியில் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

விண்டோஸின் பழைய நோட்பேட் இதைக் கவனிப்பதே இல்லை. சேமித்தால் தோழியின் உழைப்பு சத்தமில்லாமல் அழிந்துவிடும். 1991இல் வெளிவந்த விம் தொகுப்பியோ, கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தைக் குறித்து வைக்கிறது. சேமிக்கும்போது அந்த நேரம் மாறியிருந்தால், எச்சரித்து, உண்மையிலேயே எழுதவா என்று கேட்கிறது.

"எப்போதும் புதியதையே தானாக ஏற்றிவிட்டால் என்ன?" என்று சிலர் கேட்பார்கள். வெறுமனே வாசித்துக்கொண்டிருந்தால் அது சரிதான். ஆனால் சேமிக்காத பத்து வரிகள் நம் திரையில் இருந்தால், அவை போய்விடும். "அப்படியானால் ஒவ்வொரு முறையும் கேட்கட்டும்" என்பதும் தீர்வாகாது. அடிக்கடி கேட்கப்படும் கேள்வியை யாரும் வாசிப்பதில்லை. கண் வாசிக்கும் முன்பே விரல் 'ஆம்' என்பதை அழுத்திவிடும்.

என் கருத்தில், விஷுவல் ஸ்டூடியோ கோட் பின்பற்றும் முறையே நியாயமானது. நாம் எதையும் மாற்றாதிருந்தால், புதிய பிரதியை அது பேசாமல் ஏற்றிக்கொள்கிறது. இரு பக்கமும் மாறியிருந்தால், சேமிக்க மறுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் வழியைக் காட்டுகிறது. இழப்பு இல்லாத இடத்தில் மௌனம், இழப்பு வரும் இடத்தில் கேள்வி. அந்தக் கேள்வியோடு, எதை இழக்கப்போகிறோம் என்பதும் கண்ணெதிரே தெரிகிறது. மற்றவர் எழுதியது நம் கையில் இருக்கும் அமானிதம் அல்லவா? அதைப் பாராமலே அழிக்க எந்த மென்பொருளுக்கும் உரிமையில்லை.

எல்லா மென்பொருளும் இப்படி நடந்துகொள்ளாது. ஆகவே 'கோப்பு வேறொரு மென்பொருளால் மாற்றப்பட்டுள்ளது' என்ற அறிவித்தல் வந்தால் அவசரப்படாதீர்கள். நீங்கள் எழுதியதை முதலில் வேறொரு பெயரில் சேமியுங்கள். பிறகு இரண்டையும் திறந்து ஒப்பிடுங்கள். பிள்ளைகளும் பெற்றோரும் ஒரே கணினியைப் பாவிக்கும் வீடுகளில் இது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய பழக்கம். அதற்கு ஒரு நிமிடம் போதும். அழிந்ததைத் திரும்ப எழுத ஓர் இரவும் போதாமல் போகலாம்.