ஸ்கேன் மெஷின் வாங்கலாமா டாக்டர்?

கிளினிக்குக்கு அல்ட்ராசவுண்ட் மெஷின் வாங்கலாமானு ஜூனியர் டாக்டர்கள் அடிக்கடி கேக்குறாங்க. போன வருஷம் கையெழுத்து போடுற நேரத்துல பின்வாங்கினவன் நான். அதனால ஒரு நீளமான த்ரெட். டாக்டர் இல்லாதவங்களும் படிங்க, இது உங்க பாக்கெட் சம்பந்தப்பட்ட விஷயம்.

விற்பனைப் பிரதிநிதி போட்டுக் காட்டின கணக்கு இது. மெஷின் 15 லட்சம். 11% வட்டி, 5 வருஷக் கடன். மாதத் தவணை சுமார் 32,600 ரூபாய். பராமரிப்பு, ஜெல், பேப்பர், கரண்ட் எல்லாம் சேர்த்து 40,000னு வைங்க. ஒரு ஸ்கேனுக்கு 800 ரூபாய்னா மாசம் 50 ஸ்கேன். "ஒரு நாளைக்கு ரெண்டே ரெண்டு சார்!" கணக்கு எங்கயும் இடிக்கல.

வீட்டுக்கு வந்து யோசிச்சேன். அந்த ரெண்டு பேர் யாரு?

நான் காஞ்சிபுரத்துல பொது மருத்துவம் பாக்குறவன். பிள்ளையார்பாளையம் பக்கத்து நெசவாளர்கள் நிறைய வருவாங்க. குழித்தறியில நாள் முழுக்க உக்காந்து மிதிக்கிறதால இடுப்பு வலி, முட்டி வலி. நேரத்துக்குச் சாப்பிடாம டீ குடிச்சே ஓட்டுறதால வயித்தெரிச்சல். அப்புறம் சுகர், பிரஷர். இதுல நிஜமாவே வயிறு ஸ்கேன் தேவைப்படுறவங்க வாரத்துக்கு மூணு நாலு பேர். மாசத்துக்கு 15னு வைங்க. மீதி 35 பேரை நான்தான் உருவாக்கணும்.

ஏமாத்தணும்னு நினைச்சு யாரும் மெஷின் வாங்குறதில்ல. தேதி 25 ஆகும், தவணைக்குக் கொஞ்சம் குறையும். எதிர்ல வயித்தெரிச்சல்காரர் உக்காந்திருப்பார். "எதுக்கும் ஒரு ஸ்கேன் பாத்துடலாமே"னு வாய் தானா சொல்லிடும். கிட்னியில ஒரு சின்ன நீர்க்கட்டி தெரியும். பெரும்பாலும் ஒண்ணும் பண்ணத் தேவையில்லாதது. ஆனா அந்த மனுஷன் பயந்து சென்னைக்கு ரெண்டு தடவை ஓடுவார். தறி நிக்கிற நாளைக்குக் கூலி கிடையாது.

இதை என்கிட்ட வர்ற ஒரு பெரியவர்கிட்ட சொன்னேன். "நாங்க முதலாளிகிட்ட முன்பணம் வாங்கிட்டு தறியில மாட்டிக்கிறோம். நீங்க பேங்க்ல வாங்கிட்டு மாட்டிக்கப் போறீங்களா சார்?"னு சிரிச்சார். அதுக்கு மேல ஆடிட்டர்கிட்ட போகல.

சட்டமும் இருக்கு. பித்தப்பை மட்டும்தான் பாப்பேன்னு சொன்னாலும், கருவோட பாலினம் காட்டக்கூடிய எந்த மெஷினுக்கும் 1994 பிஎன்டிடி சட்டப்படி பதிவு வேணும். பதிவு இல்லாதவங்களுக்கு விக்கவே கூடாது. ஸ்கேன் பண்றவருக்கும் தனித் தகுதி வேணும். ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஃபார்ம் எஃப். அதுல தப்பு நேர்ந்தா வெறும் எழுத்துப் பிழைனு தப்பிக்க முடியாதுனு உச்ச நீதிமன்றம் 2019-ல சொல்லிடுச்சு. பெண் சிசுக்களை இழந்த நாட்டுல இந்தக் கண்டிப்பு தேவைதான். ஆனா தனியா கிளினிக் நடத்துறவர் இந்த வேலையையும் கணக்குல சேக்கணும்.

மகப்பேறு டாக்டரா, தினம் பத்து கர்ப்பிணிகள் உங்ககிட்டயே வர்றாங்களா? தாராளமா வாங்குங்க. உத்திரமேரூர் பக்கத்துல இருந்து பஸ் மாறி வர்ற பொண்ணுக்கு அதே இடத்துல ஸ்கேன் கிடைக்கிறது பெரிய உதவி. நான் சொல்றது என்னை மாதிரி ஆளுங்களுக்கு.

நான் வாங்கினது 12 லீட் ஈசிஜி. ஸ்கேன் மெஷின் விலையில இருபதுல ஒரு பங்கு கூட ஆகல, கடனும் இல்ல. நெஞ்சு வலினு வந்தா 10 நிமிஷத்துக்குள்ள ஈசிஜி எடுக்கணும்ங்கிறது உலகம் முழுக்க இருக்கிற விதி. 2023-ல வந்த 'இதயம் காப்போம்' திட்டத்துல ஆரம்ப சுகாதார நிலையத்துலயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் முதல் டோஸ் குடுக்குறாங்க. அதே மூணு மாத்திரையும் என் மேஜை டிராயர்ல இருக்கு. மாரடைப்புனு தெரிஞ்சா, டோஸ் குடுத்து, ஈசிஜியை போன்ல அனுப்பிட்டு 108-ல ஏத்தி விடலாம். "கேஸ் டிரபிள்தான் சார்"னு வந்தவங்கள்ல ரெண்டு பேரை இப்படி அனுப்பியிருக்கேன். ரெண்டு பேரும் திரும்பி வந்து பிரஷர் மாத்திரை வாங்கிட்டுப் போறாங்க.

ஈசிஜி வாங்குறவங்க பேட்டரி பேக்கப் எவ்ளோ நேரம்னு கேட்டு வாங்குங்க. நெஞ்சு வலி கரண்ட் இருக்கிற நேரமா பாத்து வராது.