கண்ணுக்குக் காவல் வைத்தோம், காதுக்கு?

ஆரணி நகரின் நெசவுத் தெருக்களில் அந்தி சாய்ந்தபின் நடந்து செல்வோர் இரண்டு ஓசைகளைக் கேட்பர். ஒன்று தறியின் ஓசை. மற்றொன்று சின்னத்திரையின் ஓசை. முதல் வீட்டு வாசலில் காதில் விழுந்த உரையாடலை அடுத்த வீட்டு வாசலில் விட்ட இடத்திலிருந்தே கேட்கலாம். அப்படியே கேட்டுக்கொண்டு தெருக்கோடி வரை சென்றால் அன்றைய தொடர் முடிந்திருக்கும்.

அத்தகைய மாலையொன்றில் நம் அன்பியத்தார் சிலர் கையொப்பத் தாளோடு வீடு வீடாகச் சென்றோம். தொலைக்காட்சித் தொடர்களில் மலிந்துவிட்ட ஆபாசத்தைத் தடைசெய்ய வேண்டுமென்று மாவட்ட ஆட்சியருக்கு ஒரு விண்ணப்பம். படுக்கையறைக் காட்சிகள், அரைகுறை ஆடைகள், தகாத உறவுக் கதைகள் என மூன்று குறைகளை வரிசையாக எழுதியிருந்தோம். நம் மக்களும் பிற சமயத்து அண்டை வீட்டாரும் தயக்கமின்றிக் கையெழுத்திட்டனர். ஒரு வீட்டில் மட்டும், தறிக்குழியில் கால்களை இறக்கி அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், கைவேலையை நிறுத்தாமலே நம்மில் இளையவரைப் பார்த்துக் கேட்டார்:

"ஏம்ப்பா தம்பி, நீங்க சொல்ற அசிங்கத்தையெல்லாம் நான் பார்த்ததே இல்லை. என் கண்ணு நூல் மேல இருக்குது. காதுதான் சும்மா இருக்குது. அந்தக் காதுல தினமும் விழறது, மாமியாக்காரி மருமகளை மலடின்னு ஏசறது. அதுக்கு எந்தத் தாளுல கையெழுத்துப் போடணும்?"

அருகில் தார் சுற்றிக்கொண்டிருந்தவர் அவருடைய மருமகள். மணமாகி ஆறு ஆண்டுகள், குழந்தை இல்லை. அந்தச் சொல் தொடரில் வரும்போதெல்லாம் அவர் எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவார் என்பதைப் பின்னர் அறிந்தோம். அன்றும் எழுந்து போனார். மூதாட்டிக்கு மறுமொழி சொல்ல நம்மில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. தாளை மடித்துக்கொண்டு திரும்பினோம்.

அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க இனியும் நமக்கு உரிமையில்லை என்பதாலேயே இதனை எழுதுகிறோம்.

தொலைக்காட்சி தறிவீட்டுக்குள் வந்த கதை நெடியதன்று. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. 1993 ஏப்ரலில் சன் தொலைக்காட்சி பிறந்தது. 1999-இல் வந்த 'சித்தி' போன்ற நெடுந்தொடர்கள் மாலைப்பொழுதையே தம் வசமாக்கின. 2006-க்குப் பின் அரசு வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் தமிழகத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சென்றன. அதுவரை திண்ணைக் கதையையும் வானொலியையும் கேட்டுக்கொண்டே நெய்தவர்கள், தொடரைக் கேட்டுக்கொண்டே நெய்யத் தொடங்கினர். கேட்டுக்கொண்டே என்ற சொல்லைக் கவனியுங்கள். கையும் காலும் கண்ணும் தறிக்கு உரியவை. சின்னத்திரைக்கு எஞ்சியிருப்பது செவி ஒன்றே. நெசவாளிக்கு மட்டுமா? அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்கும், கூடத்தின் மூலையில் வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளைக்கும் நிலை இதுதான்.

நம் ஒழுக்கக் காவலர்களோ கண்ணுக்கு மட்டுமே காவல் நிற்கின்றனர்.

நாடறிந்த நிகழ்ச்சிகளை எண்ணிப் பார்ப்போம். மும்பைப் புனித சவேரியார் கல்லூரிப் பேராசிரியை பிரதிபா நைத்தானி, வயதுவந்தோருக்கான திரைப்படங்கள் கேபிள் வழியாக வீட்டுக்குள் வருவதை எதிர்த்துப் பொதுநல வழக்குத் தொடுத்தார். மும்பை உயர்நீதிமன்றம் அவற்றுக்குத் தடை விதித்தது. 2006 ஆகஸ்டில் காவல்துறை நடவடிக்கையில் இறங்கியபோது, அந்நகரில் திரைப்பட அலைவரிசைகள் சில நாள் இருண்டே கிடந்தன. அவர் எழுப்பியது நேர்மையான கேள்வி; அதனைக் குறை கூறோம். 2017 ஜூலையில் இந்து மக்கள் கட்சியினர், 'பிக் பாஸ்' நிகழ்ச்சி தமிழ்ப் பண்பாட்டைக் கெடுக்கிறது என்று சென்னைக் காவல் ஆணையரிடம் புகார் அளித்து, அதனைத் தடைசெய்யவும் கமல்ஹாசனைக் கைது செய்யவும் கோரினர். 2019 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதிகள் கிருபாகரன், அப்துல் குத்தூஸ் ஆகியோர், திருமணத்துக்குப் புறம்பான உறவுகளும் அவற்றால் விளையும் கொலைகளும் பெருகுவதற்குத் தொலைக்காட்சித் தொடர்களும் திரைப்படங்களும் காரணமா என்று அரசைக் கேட்டனர்.

உடை, உடல், கள்ள உறவு: கூச்சல் எழுவதெல்லாம் இம்மூன்றைச் சுற்றியே. அதே 2017-இல் அதே நிகழ்ச்சியில், சேரி என்னும் சொல் இழிமொழியாக ஆளப்பட்டது. அதற்கும் கண்டனம் எழுந்தது. வழக்கறிஞர் அறிவிக்கையும் பறந்தது. ஆனால் நம் அன்பியக் கூட்டங்களில் எதைப் பற்றிப் பேசினோம்? நடிகைகளின் உடையைப் பற்றித்தான் பேசினோம். சேரியில் பிறந்து நம்மோடு ஒரே பலிபீடத்தில் நற்கருணை அருந்தும் சகோதரர்கள் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்க, அவர்கள் மேல் விழுந்த சொல்லைப் பற்றி நாம் ஒரு வார்த்தை பேசினோமா? கொசுவையும் ஒட்டகத்தையும் சொல்லி ஆண்டவர் பரிசேயரைக் கடிந்தது அவர்களுக்கு மட்டும் உரியது என்றெண்ணி நாம் மன அமைதி கொள்கிறோம்.

'அப்படியானால் ஆபாசம் தீதன்றோ?' என்று கேட்பீர்கள். தீதுதான். அதில் நமக்கு இரண்டாவது கருத்தில்லை. இன்று தொலைக்காட்சியைக் காட்டிலும் கைப்பேசியில்தான் அது கட்டற்றுப் பாய்கிறது. மைய அரசு 2024 மார்ச்சில் 18 இணையத் திரைத்தளங்களையும், 2025 ஜூலையில் 25 தளங்களையும் முடக்கியது. பிள்ளைகளின் கையில் கிடைக்கும் நஞ்சைப் பிடுங்குவது ஆட்சியாளரின் கடமை; செய்யட்டும். ஆனால் நஞ்சென்று எல்லாரும் அறிந்த ஒன்றைப் பிள்ளையின் கையில் கண்டால் தாயே பதறிப் பிடுங்கிவிடுவாள். குடும்பப் பாங்கானது என்ற பெயரோடு கூடத்தின் நடுவில் அமர்ந்துகொண்டு, மாலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை ஓயாமல் பேசுவதை யார் பிடுங்குவது? அதில் முத்தமில்லை, அரைகுறை ஆடையில்லை. கழுத்து நிறைய நகையும் உடல் நிறையப் பட்டும் அணிந்த பெண் ஒருத்தி, இன்னொரு பெண்ணின் பாலில் எதையோ கலக்கிறாள். வரதட்சிணை குறைந்ததற்காக ஒருத்தி வாசலில் நிறுத்தப்படுகிறாள். கணவன் கன்னத்தில் அறைந்ததும், குடும்ப மானம் காக்க அவள் கண்ணீரைத் துடைத்துக்கொள்வது பெருமையாகக் காட்டப்படுகிறது. கைம்பெண் எதிரே வந்தால் பின்னணி இசையே அபசகுனம் என்கிறது. இந்தப் பட்டுகளில் ஒன்று ஆரணித் தறியில் நெய்ததாகவும் இருக்கலாம். நம் ஊர்ப் பெண் நாள்கணக்கில் குனிந்து நெய்த புடைவை, அவளையே இழித்துரைக்கும் பாத்திரத்தின் உடலில் மின்னுகிறது!

இவற்றையெல்லாம் கண்டிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று எவரும் சொல்ல முடியாது. 1994-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் ஆறாவது விதியை எடுத்துப் படியுங்கள். நயத்தகு நாகரிகத்துக்கு மாறானவை கூடாதென்று அது சொல்கிறது. காவலர்கள் அந்த ஒரு வரியோடு நின்றுவிடுகின்றனர். பெண்களை இழிவுபடுத்துவதும் கூடாது. குழந்தைகளை இழிவுபடுத்துவதும் கூடாது. மூடநம்பிக்கையை வளர்ப்பதும் கூடாது என்று அதே விதி கூறுகிறது. பெண்களை நல்ல முறையில், தலைமைப் பண்பு உடையவர்களாகக் காட்டும் நிகழ்ச்சிகளைத் தர முயல வேண்டும் என்றும் அறிவுறுத்துகிறது. பிள்ளைகள் மிகுதியாகப் பார்க்கும் நேரத்தில் அவர்களுக்கு ஒவ்வாதவற்றை ஒளிபரப்பலாகாது என்றும் சொல்கிறது. அத்தனையும் எழுதிவைத்த விதியில் ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போவது ஏன்? அந்த ஒரு வரியில் குற்றவாளி எப்போதும் வேறொருவர்: திரையில் தோன்றும் நடிகை. மற்ற வரிகளைப் படித்தால் குற்றம் நம் வீட்டுக் கூடத்துக்கு வந்துவிடும். மருமகளை நாமே அப்படிப் பேசியிருப்போம். வரதட்சிணையை நாமே எண்ணி வாங்கியிருப்போம்.

தானியேல் ஆகமத்தில் வரும் சூசன்னாவின் கதையை நினைவுகூர்வோம். அவள் மேல் ஒழுக்கக் குற்றம் சுமத்தியவர்கள் ஊர்ப் பெரியவர்கள். நீதி வழங்கும் இருக்கையில் அமர்ந்தவர்கள். கேடு எங்கிருந்ததென்று இளைஞன் தானியேல் விசாரித்த பின்னரே வெளிப்பட்டது. பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றி உரக்கப் பேசுகிறவர்களை விசாரித்தறிய வேண்டும் என்பதற்கு இதைவிடப் பழைய பாடம் நமக்கு வேண்டுமோ?

திருச்சபையும் இதைப் பட்டறிந்தே கற்றது. அமெரிக்கக் கத்தோலிக்கர் 1934-இல் ஒழுக்கக் காப்புப் படை ஒன்றை நடத்தினர். ஆலயங்களில் இலட்சக்கணக்கானோர் எழுந்து நின்று உறுதிமொழி எடுத்தனர். 1936-இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் அதனைப் பாராட்டிச் சுற்றுமடலே எழுதினார். தொடக்கத்தில் திரைப்பட முதலாளிகள் அஞ்சவே செய்தனர். நாளடைவில் கண்டிக்கப்பட்ட படம் என்ற முத்திரையே சில படங்களுக்கு விளம்பரமாகிவிட்டது. 1956-இல் நியூயார்க் கர்தினால் ஸ்பெல்மன் 'பேபி டால்' என்னும் படத்தைப் பிரசங்க மேடையிலிருந்தே கண்டித்தபோது, அப்படத்தின் பெயரை அறியாதவர்களும் அறிந்துகொண்டனர். 1965-இல் அந்தப் படை தன் பெயரையே மாற்றிக்கொண்டது. இதற்கிடையே 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய தன் ஆணையில், பார்ப்பவரின் பொறுப்பையும் பயிற்சியையும் வலியுறுத்தியது. 1994-ஆம் ஆண்டு உலக சமூகத் தொடர்பு நாள் செய்தியில், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தொலைக்காட்சியும் குடும்பமும் என்னும் பொருள் பற்றியே பேசினார். நிகழ்ச்சிகளைப் பற்றிப் பிள்ளைகளோடு பெற்றோர் உரையாட வேண்டும். சில வேளைகளில் பெட்டியை அணைத்துவிடவும் வேண்டும் என்றார். தடை விதிக்க வேறொருவரைத் தேடி ஓடுமுன், பெட்டியின் விசை நம் விரலருகே இருக்கிறது என்பதை மறவாதீர்கள்.

நாம் பார்ப்பதே தொடருக்கு உயிர். எத்தனை வீடுகளில் பெட்டி திறந்திருக்கிறது என்ற கணக்கை வைத்தே விளம்பரம் வருகிறது. விளம்பரம் வரும்வரை தொடர் முடிவதில்லை. காலையில் ஆபாசத்துக்கு எதிராகக் கையெழுத்து. இரவில் அதே அலைவரிசைக்கு மூன்று மணி நேர வாக்கு. இந்த இரட்டை வாழ்வை ஆட்சியர் எப்படித் தடைசெய்வார்?

எனவே, நம் பங்குகளின் அன்பியங்களுக்கும் மரியாயின் சேனையினருக்கும் இளைஞர் குழுக்களுக்கும் ஒன்று சொல்வோம். பொத்தாம் பொதுவாக ஆபாசம் என்று எழுதிய தாள்களைக் கிழித்துவிடுங்கள். பெண்ணை, ஏழையை, சாதியால் தாழ்த்தப்பட்டவரை, குழந்தையற்றவரை, கைம்பெண்ணை இழித்துரைக்கும் காட்சி வந்தால் அலைவரிசையின் பெயர், தொடரின் பெயர், நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். 2021-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, குறைகளுக்கு ஒளிபரப்பு நிறுவனமே 15 நாளுக்குள் மறுமொழி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டாலோ, சொன்னது நிறைவு தராவிட்டாலோ, ஒளிபரப்பாளர்களின் தன்னொழுங்கு அமைப்புக்குச் செல்லலாம். அதற்கு மேல் அரசின் குழு இருக்கிறது. 2011 முதல் இயங்கிவரும் ஒளிபரப்பு உள்ளடக்கப் புகார் மன்றம் அத்தகைய அமைப்புகளில் ஒன்று. ஆயிரம் பேர் கையெழுத்திட்ட பொது விண்ணப்பத்தைவிட, நாளும் நேரமும் குறித்த ஒரு புகாருக்கு வலிமை மிகுதி.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. திரையில் அந்தச் சொல் வரும்போது, வீட்டில் மூத்தவர் எவரேனும் வாய்திறந்து "இது தவறு" என்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் காதில் விழும்படி சொல்ல வேண்டும். கண்டனத் தீர்மானங்களுக்கு இல்லாத ஆற்றல் அந்த ஒரு சொல்லுக்கு உண்டு. மாமியார் என்றாலே கொடியவர் என்று சொல்லிச் சொல்லிப் பழக்கியிருக்கிறது சின்னத்திரை. மருமகளுக்காக நம்மிடம் வழக்காடிய அந்த மூதாட்டியைப் போன்ற மாமியாரை எந்தத் தொடரும் காட்டக் காணோம்.

அந்த வீட்டுக்கு மீண்டும் செல்ல எண்ணியிருக்கிறோம். இம்முறை எடுத்துச் செல்லும் தாளின் முதல் வரியில் அவர் சொன்ன குறை இருக்கும். முதல் கையொப்பத்துக்குரிய இடத்தை அவருக்கென்றே விட்டுவைத்திருக்கிறோம். அன்றேனும் தார் சுற்றும் அந்தப் பெண் பின்கட்டுக்கு எழுந்து போக வேண்டிய தேவை இல்லாதிருக்கட்டும்.