98 நாட்கள் கழிந்த பின்?

விடியுமுன் பெரட்டுக்கு ஓடிய நம் தாய்மார், பிறந்து சில வாரமே ஆன பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்ற காலம் ஒன்றிருந்தது. பசித்து அழுத சிசுவுக்கு டின் பாலைக் கரைத்துப் புகட்டினார்கள். அந்த இனிப்புப் பாலைத் தாய்ப்பாலுக்கு ஈடென்று பிரசாரம் செய்வதைக் கொலையாகவே கருதவேண்டுமென்று டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார் 1939-ல் சிங்கப்பூரில் துணிந்து பேசினார்.

இன்று பத்து காவானில் தோட்டம் இருந்த இடத்தில் தொழிற்சாலைகள் நிற்கின்றன. பால்வெட்டிய பெண்களின் பேத்திகள் அங்கே ஷிப்டு வேலை பார்க்கிறார்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பாலே போதும், தண்ணீரும் வேண்டாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். (சீனித் தண்ணீர் புகட்டும் பாட்டிமாரும் கவனிக்க!) பிரசவ விடுமுறையோ, 60 நாட்களாக இருந்தது 2023 ஜனவரி முதல் 98 நாட்களாயிற்று. வரவேற்கிறோம். ஆனால் ஆறு மாதம் நிறைய இன்னும் எண்பது நாட்களுக்கு மேல் உண்டே! அந்நாட்களில் தாய் பாலைப் பீய்ச்சி வைக்கக் கதவுள்ள ஓர் அறையும், குளிர்பெட்டியும், சம்பளம் பிடிக்காத அரை மணி நேரமும் கேட்கிறோம். கழிவறையில் நின்று பால் பீய்ச்சும் அவலம் ஒரு தாய்க்கும் வரலாகாது.

தகப்பன்மாரே, அதே சட்டத் திருத்தத்தில் மணமான உங்களுக்கும் 7 நாள் சம்பள விடுமுறை உண்டு. ஓராண்டு வேலை செய்திருக்க வேண்டும். 30 நாட்களுக்கு முன்பே தெரிவிக்க வேண்டும். அதைக் காப்பிக் கடையில் கழிக்காதீர்! இரவில் பிள்ளையைத் தூக்கி நடந்தால் பெற்றவள் இரண்டு மணி நேரமாவது கண்ணயர்வாள்.

பாலூட்டும் அறையை அடுத்த ஒப்பந்தப் பேச்சின் கோரிக்கைப் பட்டியலில் கிளைகள் இப்போதே சேர்க்கட்டும்.