ரஷ்ய மொழி யார் வீட்டுப் பிள்ளைக்கு?

2020இல் மய்ய அரசு வெளியிட்ட தேசியக் கல்விக் கொள்கையில் ஒரு வரி இருக்கிறது. கொரியம், ஜப்பானியம், தாய், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், போர்த்துகீசியம், ரஷ்யம் ஆகிய அயல்மொழிகள் இடைநிலைக் கல்வியில் கற்பிக்கப்படுமாம். எந்தப் பள்ளிக்கூடத்தில்? யார் கற்பிப்பார்? யார் வீட்டுப் பிள்ளை கற்கும்? அதற்கு அந்த வரியில் பதில் கிடையாது. மும்மொழி என்ற பெயரில் இந்தியையும் சமஸ்கிருதத்தையும் நம் தலையில் கட்டுகிற ஏற்பாடு என்று அந்தக் கொள்கையை எதிர்க்கிறோம். அதில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் எதிர்ப்போடு பேச்சு முடிந்துபோகிறதே, அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பள்ளிக்கூட விண்ணப்பத்தில் 'இரண்டாம் மொழி' என்றொரு கட்டம் இருக்கிறதே, அது சாதி குந்தியிருக்கிற கட்டம். பாபாசாகேப் அம்பேத்கர் உயர்நிலைப் பள்ளியில் சமஸ்கிருதம் எடுக்க விரும்பினார். தீண்டத்தகாதவனுக்குத் தேவபாஷையா என்று மறுத்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் பாரசீகம் எடுத்தார். 1907இல் மெட்ரிக் தேறினார். பிற்பாடு சொந்த முயற்சியில் சமஸ்கிருதம் கற்று, இந்து சாஸ்திரங்களைப் பிரித்துப் போட்டு உலகத்துக்குக் காட்டினார். 1921இல் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்துக்கு ஜெர்மன் மொழியிலேயே விண்ணப்பம் எழுதினார். மூடிய கதவை அவர் உடைத்தார், சரி. ஒவ்வொரு சேரிப் பிள்ளையும் அம்பேத்கராக இருந்தால்தான் ஒரு மொழி கிடைக்கும் என்றால் பள்ளிக்கூடம் எதற்கு?

தமிழ்நாட்டுக்கு வருவோம். 1968 சனவரியில் சட்டமன்றம் இருமொழித் தீர்மானம் போட்டது. தமிழும் ஆங்கிலமும் போதும் என்றது. இந்தியைத் தடுத்த வகையில் அது நமக்கும் அரண்தான். ஆனால் அந்த அரணில் காசுள்ளவன் நுழைய ஒரு சந்து இருந்தது. தனியார் பள்ளிகளில் மேல்நிலை வகுப்புக்குப் போனதும் தமிழைக் கழற்றிவிட்டு பிரெஞ்சு, சமஸ்கிருதம் எடுத்து மதிப்பெண்ணை அள்ளினார்கள். 2017இல் மாநில ரேங்க் அறிவிப்பு நிறுத்தப்படும் வரைக்கும் தமிழ் எடுத்தவருக்கு ஒரு பட்டியல், பிற மொழி எடுத்தவருக்கு வேறு பட்டியல் என்று அரசே வெளியிட வேண்டியிருந்தது. சி.பி.எஸ்.இ. பாடப் பட்டியலில் பிரெஞ்சு, ஜெர்மனோடு ரஷ்யமும் இருக்கிறது. ஆக, அயல்மொழி தமிழ்நாட்டுக்குள் எப்போதோ வந்துவிட்டது. சேரிக்குள்தான் வரவில்லை. மேடையில் இருமொழி முழங்கிவிட்டு வீட்டுப் பிள்ளையை பிரெஞ்சு வகுப்பில் உட்கார வைக்கிறவர்களிடம் கேட்கத்தான் வேண்டும்: எங்கள் பிள்ளைக்கு மட்டும் ஏன் இரண்டோடு நிறுத்தம்?

"அது எதுக்கு மக்கா நம்ம பிள்ளையளுக்கு?" என்று நம் ஆட்களே கேட்பார்கள். சொல்லுகிறேன். திற்பரப்பிலிருந்து பஸ் ஏறினால் அரை நாளுக்குள் போய்விடலாம், திருவனந்தபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர் அஞ்சுதெங்கு. அங்கிருந்து போன இளைஞர்கள் சிலர், வேலை என்று ஏஜெண்டுகள் சொன்னதை நம்பி ரஷ்யா போய், உக்ரைன் போர்முனையில் மாட்டிக்கொண்ட செய்தி 2024இல் வெளிவந்தது. இந்தியாவின் பல மாநிலங்களிலிருந்தும் இப்படிப் போனார்கள். பிணமாகத் திரும்பியவர்களும் உண்டு. அவர்களிடம் கையெழுத்து வாங்கிய ஒப்பந்தம் ரஷ்ய மொழியில் இருந்தது. வாசிக்கத் தெரியாத தாள். பண்ணையார் நீட்டிய தாளில் நம் பாட்டன் பெருவிரல் உருட்டியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கையெழுத்துப் போடப் படித்துவிட்டோம். எதில் போடுகிறோம் என்று படிக்க விடவில்லை.

இன்னொரு தாள் என் மேசைக்கு வருவது. வங்கியில் குமாஸ்தா வேலை எனக்கு. நீட் கதவடைத்த பிறகு ரஷ்யாவில் டாக்டருக்குப் படிக்க வைக்கக் கடன் கேட்டு வருகிறார்கள். ரப்பர் பால் வெட்டுகிற ஒரு அப்பா கேட்டார்: "சாறே, பய அங்க போயி மொதல்ல அவனுவளுக்க பாஷை படிக்கணுமாமே, அதுக்கும் சேத்து லோன் உண்டுமா?" கல்விக் கடனில் ஏழரை லட்சம் வரைக்கும் சொத்து ஈடு வேண்டாம். அதைத் தாண்டினால் பத்திரம் வேண்டும். ஆறு வருடப் படிப்புக்கு ஏழரை காணாது. மூன்று சென்டில் வீடு உள்ளவர் எந்தப் பத்திரத்தைக் கொண்டுவருவார்? மீதிக்கு வட்டிக்காரன்தான். ஆதிதிராவிட மாணவர்களுக்கு மய்ய அரசு தருகிற வெளிநாட்டு உதவித்தொகை முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும்தான். இந்தப் படிப்புக்கு அது கிடையாது.

வெளிநாட்டு மருத்துவப் படிப்பு ஆங்கிலவழியில் இருக்க வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2021இல் விதி போட்டது. வகுப்பறையில் ஆங்கிலம், சரி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிற ரஷ்யப் பாட்டி வயிற்றுவலியை ஆங்கிலத்திலா சொல்லுவார்? பதினெட்டு வயதில், கழுத்தளவு கடனோடு, உடற்கூறியலையும் 33 எழுத்தையும் ஒன்றாகப் படிக்க வேண்டியிருக்கிறது. இதை ஒன்பதாம் வகுப்பில் நிதானமாகத் தொடங்கியிருந்தால் என்ன குறைந்துவிடும்?

தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு அதெல்லாம் ஏறாது என்று ஒரு பேச்சு உண்டு. அளந்து பார்க்காமல் சொல்லுகிற பேச்சு. ரஷ்யத்தில் ஆறு வேற்றுமை. நம் பிள்ளை எட்டு வேற்றுமையை ஏழாம் எட்டாம் வகுப்பிலேயே ஒப்பித்திருக்கிறது. பெயருக்கு முன்னால் 'எ', 'தி' என்று ஆங்கிலத்தில் வருகிற தொல்லை ரஷ்யத்திலும் இல்லை, தமிழிலும் இல்லை. 'நான் மாணவன்' என்பதை 'யா ஸ்துதேன்த்' என்கிறார்கள். ரெண்டே சொல், நம்மைப் போலவே. 'என்னிடம் புத்தகம் இருக்கிறது' என்பது 'உ மென்யா யெஸ்த் க்னீகா'. 'என்னிடம்', 'இருக்கிறது', 'புத்தகம்'. உடைமையை அவர்களும் இப்படித்தான் சொல்லுகிறார்கள். பெயர்ச்சொல்லுக்கெல்லாம் பால் பிரிப்பது, வினையில் முற்றியது முற்றாதது என்று ஜோடி ஜோடியாக வருவது, இவையெல்லாம் கஷ்டம்தான். ஆனால் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போகாமல் தமிழிலிருந்தே நேராகப் போக ஒரு பாதை இருக்கிறது. அந்தப் பாதையில் ஒரு பாடநூல் எழுதத்தான் ஆளில்லை.

பிழைப்புக்கு மட்டும் கேட்கவில்லை. மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் தமிழில் அச்சிட்டு அனுப்பிய மலிவு விலைப் புத்தகங்களில்தான் இங்கே ஒரு தலைமுறை உலகத்தைப் படித்தது. ரா. கிருஷ்ணையாவும் பூ. சோமசுந்தரமும் செய்த மொழிபெயர்ப்புகள் இன்றைக்கும் நம் படிப்பகங்களில் அட்டை கிழிந்து கிடக்கின்றன. 1991இல் சோவியத் உடைந்ததும் அந்த வரத்து நின்றது. மாஸ்கோ அனுப்பினால் படிப்போம் என்றிருந்த காலம் போய்விட்டது. இனி நாமே போய் எடுத்துவர வேண்டும், நம்முடையதை அங்கே கொண்டுபோகவும் வேண்டும். மராட்டியத்தின் மாங் சாதியில் பிறந்த அண்ணாபாவு சாத்தே பள்ளிப் படிப்பென்று சொல்ல எதுவும் இல்லாதவர். ஸ்டாலின்கிராட் போரைப் பற்றி மராத்தியில் பவாடா கட்டிப் பாடினார். அவர் எழுத்து ரஷ்யத்துக்குப் போனது. 1961இல் அவரே ரஷ்யா போய் வந்து பயண நூலும் எழுதினார். 2022இல் மாஸ்கோவில் அவருக்குச் சிலை வைத்தார்கள். தமிழ் தலித் எழுத்தை ரஷ்யத்தில் சொல்ல நம்மிலிருந்து ஒரு ஆள் வேண்டாமா?

புதினின் போருக்கும் நமக்கும் ஒட்டில்லை. ஒரு மொழியைக் கற்பது அந்த நாட்டு அரசுக்குச் சலாம் போடுவது ஆகாது. வெள்ளைக்காரனுக்குச் சலாம் போடவா ஆங்கிலம் படித்தோம்?

கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்போம். கட்டாய மூன்றாம் மொழி வேண்டாம். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் விடுதிகளிலும், பேச்சிப்பாறை மலையில் காணிக்காரப் பிள்ளைகள் படிக்கிற அரசுப் பள்ளிகளிலும் ஒன்பதாம் வகுப்பிலிருந்து, விரும்புகிற பிள்ளைக்கு ஒரு அயல்மொழி இலவசமாக வேண்டும். மதிப்பெண் வேண்டாம், தேறல் தவறல் வேண்டாம். தமிழ் முதல் பாடமாக இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பணத்துக்கு 2024இல் நிறைவேறிய ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம் இருக்கிறது. ஆளுக்கு ரஷ்யாவில் படித்துத் திரும்பிய நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். கேரளப் பல்கலைக்கழகத்தில் ரஷ்யத் துறையே இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து திருவனந்தபுரம் அய்ம்பது கிலோமீட்டர் சுமார்.

அரசு அசைகிற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. இரவுப் பள்ளி நடத்துகிற தோழர்கள் வாரத்தில் ஒரு நாளை இதற்கு ஒதுக்கலாம். கரும்பலகையில் முதலில் அந்த 33 எழுத்தை எழுதிப் போடுங்கள்.