ஒன்பது லட்சத்துக்கு பி.எம்.டபிள்யூ வாங்கலாமா?

என் பெரியப்பா மகன் ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் சூப்பர்வைசர். வீடு ஸ்ரீபெரும்புதூரில். பன்னிரண்டு கிலோமீட்டரில் வேலை, கம்பெனி பஸ் தெருமுனைக்கே வரும். அப்படிப்பட்ட அண்ணன் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, போனில் ஒரு படத்தைக் காட்டினார். வெள்ளை பி.எம்.டபிள்யூ 320டி. 2014 மாடல்.

"ஒன்பது லட்சம்தான்டா தம்பி. ஒரு புது சின்னக் கார் வாங்குற காசு. தினமும் இதுலயே வேலைக்குப் போயிடலாம். நீதான் பி.காம் படிக்கிறியே, கணக்குப் போட்டுச் சொல்லு."

போட்டேன். அந்தக் கணக்குதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்று. அண்ணனுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. அந்த வண்டியின் டீசல் எஞ்சின் 184 குதிரைத்திறன் தரும். எட்டு கியர் ஆட்டோமேட்டிக். நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்டு விநாடிக்குள் தொட்டுவிடும். 2012-ல் இந்தியாவுக்கு வந்தபோது முப்பது லட்சத்தை ஒட்டி விற்றது. முப்பது லட்ச ரூபாய்ப் பொருள் ஒன்பது லட்சத்துக்குக் கிடைத்தால் யாருக்குத்தான் ஆசை வராது? அதைவிட, அது எங்கோ ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய வண்டியும் இல்லை. 2007-ல் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் திறந்த தொழிற்சாலையில் பூட்டப்பட்டது. ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள்கோயில் ரோட்டைப் பிடித்துப் போனால் அந்தத் தொழிற்சாலை வந்துவிடும்.

சரி, கணக்குக்கு வருவோம். நம் ஊரில் கார் என்றதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "மைலேஜ் எவ்வளவு?" அப்பாவும் அதைத்தான் கேட்டார். போக வர 24 கிலோமீட்டர், மாதம் 25 நாள், ஆக 600 கிலோமீட்டர். லிட்டருக்கு 13 கிலோமீட்டர், டீசல் 92 ரூபாய் என்று வைத்தால் மாதம் சுமார் 4,250 ரூபாய். லிட்டருக்கு 18 கொடுக்கும் பெட்ரோல் சின்னக் காருக்கு, லிட்டர் 101 ரூபாய் என்று போட்டாலும் 3,370 ஆகிறது. வித்தியாசம் ஆயிரம் ரூபாய்கூட இல்லை! மைலேஜ் இங்கே பிரச்சினையே இல்லை. நாம் தப்பான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

சரியான கேள்வி தேய்மானம் பற்றியது. பி.காம் முதல் வருடத்திலேயே இதைப் படித்துவிடுகிறோம். சொத்தின் மதிப்பு வருடா வருடம் ஏட்டில் குறையும். முப்பது லட்சம் ஒன்பது லட்சம் ஆனது அப்படித்தான். ஆனால் தேய்ந்தது காரின் விலை மட்டும். அதற்குள் இருக்கும் பாகங்களின் விலை தேயவில்லை. ஒன்பது லட்சத்துக்கு வாங்கினாலும், ஹெட்லைட் போனால் முப்பது லட்ச ரூபாய் வண்டியின் ஹெட்லைட்டைத்தான் வாங்கியாக வேண்டும்.

இந்த வண்டியில் இருப்பது என்47 என்ற எஞ்சின். இதன் டைமிங் செயின் எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. இந்த எஞ்சினின் பேர்போன பலவீனமே அந்தச் செயின்தான். மாற்ற வேண்டும் என்றால் எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்காமல் முடியாது. தெரிந்த மெக்கானிக்கிடம் விசாரித்தோம். கூலியோடு ஒன்றரை லட்சம் வரும் என்றார். காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, பின்பக்கம் கரகரவென்று சத்தம் வருகிறதா என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள் என்பதும் அவர் சொன்னதுதான். டயர் ரன்ஃப்ளாட் வகை. பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடும், நல்ல விஷயம்தான். ஆனால் பக்கச்சுவர் கெட்டியானது, பள்ளத்தின் அடியை அப்படியே ரிம்முக்கு அனுப்பும். நாலு டயருக்கு எண்பதாயிரம் சொன்னார்கள்.

"இன்சூரன்ஸ் இருக்கேடா" என்றார் அண்ணன். இருக்கிறது. ஆனால் பத்து வருடம் தாண்டிய வண்டிக்கு, வழக்கமான பாலிசியில் உலோகப் பாகங்களுக்குப் பாதிப் பணம்தான் வரும். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு எந்த வயதிலும் பாதிதான். மீதிப் பாதி நம் சட்டைப்பையிலிருந்து. போதாததற்கு, 2029-ல் பதினைந்து வருடம் முடிந்து பதிவைப் புதுப்பிக்க வேண்டும்.

இப்போது மொத்தக் கணக்கு. அண்ணனிடம் இருப்பது நாலு லட்சம். மீதி ஐந்து லட்சத்தை 14 சதவீத வட்டிக்கு நாலு வருடக் கடனாக வாங்கினால் மாதத் தவணை சுமார் 13,660. டீசல் 4,250. ரிப்பேருக்கு வருடம் ஒரு லட்சம் என்று வைத்தால் மாதம் எட்டாயிரத்துக்கு மேல். ஆக 26,000. அண்ணன் கையில் வாங்கும் சம்பளம் 34,000.

இதற்கெல்லாம் கிடைப்பது என்ன? காலை ஏழரை மணிக்கு ஒரகடம் ரோட்டில் கண்டெய்னர் லாரிக்கும் கம்பெனி பஸ்ஸுக்கும் நடுவே நாற்பதில் ஊர்வது. 184 குதிரையும் லாயத்திலேயே நிற்கும். அவற்றை அவிழ்த்துவிட நம் ஊரிலேயே சரியான இடம் உண்டு, இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக். ஆனால் ஷிப்டுக்கு அந்த வழியாகப் போக முடியாதே :)

எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார், "அப்போ நாங்க கடைசி வரைக்கும் பார்ட்ஸ் மட்டும் செஞ்சுக்கிட்டே இருக்கணுமா?"

அதற்கு என் லெட்ஜரில் பதில் இல்லை. எட்டு வருடமாக அவர் கைபட்ட ரப்பர் பாகங்கள் எத்தனையோ பேருடைய காரில் ஓடிக்கொண்டிருக்கின்றன. நல்ல வண்டி ஓட்ட வேண்டும் என்ற ஆசையை வீண் பகட்டு என்று ஒரே வார்த்தையில் தள்ள எனக்கு மனசு வரவில்லை. எனவே என் கருத்து "வாங்காதே" என்பதல்ல. பழைய பெரிய கார் என்பது மலிவான கார் அல்ல, இன்னும் விலையுயர்ந்த கார்தான். முதல் ஓனர் தேய்மானத்தைக் கட்டிவிட்டார், பராமரிப்பை நமக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வாங்கும் விலைக்கு மேலே மூன்று லட்சத்தைத் தொடாமல் வங்கியில் வைக்க முடிந்தால் தாராளமாக வாங்கலாம். முடியாதென்றால், வேகம்தான் வேண்டும் என்றால், இதே இருங்காட்டுக்கோட்டையில் 2021 முதல் செய்த ஹூண்டாய் ஐ20 என் லைன் போன்ற ஒன்றைப் பழையதாகப் பார்க்கலாம். 120 குதிரைத்திறன் இந்த ரோட்டுக்குத் தாராளம்.

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். தவணையையும் ரிப்பேர் பணத்தையும் சேர்த்து, மாதம் 22,000 ரூபாயை ஆறு மாதம் ஆர்.டி.யில் போட வேண்டும். மூச்சு முட்டாமல் போட முடிந்தால் கார் பார்க்க நானும் கூட வருகிறேன் என்றேன். முதல் மாதம் கட்டிவிட்டார். இரண்டாவது மாதத் தேதி வருகிற ஐந்தாம் தேதி. அண்ணன் இன்னும் கம்பெனி பஸ்ஸில்தான் போகிறார்.

அவர் கட்டிவிட வேண்டும் என்றுதான், கணக்கு போட்ட எனக்கே, ஆசையாக இருக்கிறது.